வெள்ளாவி கண்ட கம்பளிச் சட்டைகள்

திண்டுக்கல்லில் கம்பளிச் சட்டை வைத்திருந்தவராக நான் அறிந்தது ஒருவரைத்தான். அவர் என் அக்காவின் கணவர். மார்கழி விடியலில் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் குளிர் தீர்ந்துபோகிற ஊர் இது. பின்னிய கம்பளியை இங்கே யாரும் விற்கவில்லை, யாரும் வாங்கவில்லை. அதை எப்படித் துவைப்பது என்ற கேள்வியும் எந்த வீட்டிலும் எழுந்ததில்லை.

மச்சான் லாரி ஓட்டினார். அரிசியும் உப்பும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் மலைக்குப் போவார். உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு இறங்குவார். மலையில் குடியிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் தம் நாட்டுக்குத் திரும்பும்போது விட்டுச்சென்ற உடுப்புகளை அங்கே சந்தையில் குவித்துப் போட்டு விற்பார்களாம். அந்தக் குவியலைக் கிளறி அவர் எடுத்தவை அந்தச் சட்டைகள். பாசிப்பச்சை ஒன்று, காப்பி நிறத்தில் ஒன்று, பாலாடை நிறத்தில் ஒன்று, கழுத்து முழுவதையும் மூடுகிற சாம்பல் நிறச் சட்டை ஒன்று. அடிவாரம் வந்ததும் போட்டிருந்ததைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதே கோலத்தில் பேகம்பூர்த் தெருவுக்குள் நடந்து வருவார்.

"ஏம்ப்பா, ஆட்டைத் தோள்ல போட்டுட்டு வாரியே, அறுக்கவா வளக்கவா?" என்று பெட்டிக்கடைக்காரர் கேட்பார்.

"வளக்கத்தான். ஒங்க கடையில கட்டிப் போடட்டுமா?" என்பார் மச்சான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மழைக்காலத்தில் அவர் மலையிலிருந்து காய்ச்சலோடு இறங்கினார். காய்ச்சல் நெஞ்சுக்குள் போயிற்று. மருத்துவம் பார்த்தவர்கள் தம்மால் இயன்ற எல்லாவற்றையும் செய்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு அவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினோம். அக்காவுக்குக் குழந்தை இல்லை. மச்சானின் தாயாருக்கு, நாங்கள் மாமி என்று அழைக்கும் அந்த அம்மாளுக்கு, வேறு பிள்ளை இல்லை. அவரும் இளமையில் கணவரை இழந்தவர். ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள் மிஞ்சினார்கள்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருப்பாள். வாசல் தாண்ட மாட்டாள். வண்ணச் சேலையும் நகையும் பூவும் தொட மாட்டாள். மணம் செய்யத் தடையில்லாத ஆண்கள் யாரும் அவளைப் பார்க்க மாட்டார்கள். உடன்பிறந்தவனாகிய எனக்கு அந்தத் தடை இல்லை. ஆதலால் மாலைதோறும் கல்லூரியிலிருந்து நேரே அந்த வீட்டுக்குப் போவேன். அப்போது நான் மேடையில் பேசிப் பெயரெடுத்தவன். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும், எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும், எதிரில் நிற்பவனை அமர வைத்துவிட்டுத்தான் இறங்குவேன். ஆனால் அந்த உள்ளறையில் வெள்ளைச் சேலைக்குள் சுருண்டிருந்த அக்காவின் முன்னே உட்கார்ந்து, நாளிதழை எடுத்துச் சத்தமாகப் படிப்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றியதில்லை. அவள் கேட்டாளா என்பதும் எனக்குத் தெரியாது.

மௌத்தானவரின் உடுப்புகளை நாற்பதாம் நாளுக்குள் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவது எங்கள் தெருவின் வழக்கம். மாமி அந்த வழக்கத்தில் மயிரிழையும் பிசகாதவர். கைலிகள் போயின, சட்டைகள் போயின, செருப்பும் குடையும் போயின. பள்ளிவாசல் படியில் உட்கார்ந்திருந்த ஒரு முதியவரிடம் காப்பி நிறக் கம்பளிச் சட்டையையும் கொடுத்தனுப்பினார். அதைக் கொண்டுபோனவன் நான். முதியவர் விரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், என் கையிலேயே திருப்பி வைத்தார்.

"தம்பி, இதைப் போட்டுட்டு இந்த வெயில்ல ஒக்காந்தா அடுத்த பாத்திஹா எனக்குத்தான் ஓதணும். கைலி இருந்தாக் கொண்டா."

அந்தச் செய்தியை நான் வீட்டில் சொன்னபோது அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு வந்து நின்றதைக் கண்டேன். யாருக்கும் வேண்டாத பொருள் தனக்கு மிஞ்சும் என்று அவள் நம்பினாள். அவள் கேட்டது அவ்வளவுதான்: அவர் உடுத்தியதில் ஏதேனும் ஒன்று தன்னிடம் இருக்க வேண்டும். அந்தக் கம்பளியில் டீசல் வாடையும் மலையின் தைல மரக் காற்றும் அவருடைய வியர்வையும் இருந்தன. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அதில் முகம் புதைத்திருப்பாள் என்பதை, கதவு திறக்கும்போது அவள் கன்னத்தில் பதிந்திருக்கும் பின்னல் தடத்தால் நாங்கள் அறிவோம்.

மாமியும் அறிவார். அதனாலேயே அவர் விடவில்லை.

"குடுக்காம வச்சிருக்குற துணி கபுருக்குழியில அவனுக்குப் பாரம்" என்றார். "மலையில மூட்டை தூக்குறவக குளிருல நடுங்குவாகன்னு அவனே சொல்லியிருக்கான். வெளுத்து, பொட்டலமாக் கட்டி, லாரியில குடுத்தனுப்புனா அவுக போட்டுக்குவாக."

"ஒன்னே ஒன்னை மட்டும் வச்சுக்கிறேன் மாமி."

"ஒன்னு வச்சாலும் வச்சதுதான் தாயி."

அக்கா எதிர்த்துப் பேசவில்லை. மாமியின் குரலில் கடுமை இருந்திருந்தால் பேசியிருப்பாள். அதில் அச்சந்தான் இருந்தது. பிள்ளையின் மீது ஒரு நூல் எடைகூடப் பாரமாக இறங்கிவிடக் கூடாதே என்ற அச்சம். சட்டைகள் மூட்டையாயின. பின்வாசலில் வந்து நின்ற சலவைக்காரம்மாவின் கைக்குப் போயின.

அந்த அம்மாள் எங்கள் தெருவுக்குத் தலைமுறையாக வெளுத்துக் கொடுத்து வந்தவர். மல் துணியையும் கைத்தறியையும் தும்பைப்பூவாக்கி வருபவர். கம்பளி என்பதை ஆட்டின் முதுகில் அன்றி வேறெங்கும் அவரும் கண்டதில்லை. மற்ற துணிகளுக்குச் செய்ததையே இவற்றுக்கும் செய்தார். உவர்மண்ணில் ஊற வைத்து, வெள்ளாவிப் பானையில் ஏற்றி அவித்து, கல்லில் ஓங்கி ஓங்கி அடித்து, வெயிலில் விரித்தார். அடுத்த வாரம் மூட்டையோடு வந்தவர், வாசற்படியிலேயே அதை வைத்துவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"ராவுத்தரம்மா, எனக்கு என்ன சொல்லுறதுன்னே தெரியலை. யாரு வீட்டுப் புள்ளைக சட்டையவோ மாத்தி எடுத்தாந்துட்டேனோன்னு ஆத்தங்கரை பூராவும் தேடிட்டேன். இல்லை. எல்லாம் ஒங்க வீட்டுச் சட்டைதான். வெள்ளாவியில வச்சது பெரிசு. எறக்குனது இம்புட்டு."

மாமி மூட்டையை அவிழ்த்தார். ஓங்கி வளர்ந்த ஓர் ஆளின் மார்பை மூடிய சட்டைகள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் அளவுக்கு வந்திருந்தன. பின்னலின் கண்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், துணி தோலைப்போல் தடித்திருந்தது. பச்சை நிறம் கசிந்து பாலாடை நிறத்தின் மேல் படர்ந்திருந்தது. அக்கா உள்ளறையிலிருந்து வந்தாள். பச்சைச் சட்டையை எடுத்து அதன் கைக்குள் தன் கையை நுழைத்தாள். முழங்கைக்கு மேல் அது ஏறவில்லை. பிறகு அதை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

"உவர்மண்ணு வாடை" என்றாள்.

நாற்பது நாள் அழுத அழுகையெல்லாம் அழுகையே அல்ல என்று தோன்றும்படி அன்று அவள் அழுதாள். எதற்காகவும் குரல் தாழ்த்தாத மாமி, சலவைக்காரம்மாவைத் திட்டவும் வாயெடுக்காமல், சட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்து, கையால் இழுத்து இழுத்து நீட்டப் பார்த்தார். அவை நீளவில்லை. பிள்ளைப் பருவத்தில் தம் மகனுக்கு இந்த அளவு சரியாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தாரா, நான் அறியேன். அவர் கைகள் அந்தச் சின்னத் தோள்பட்டைகளின் மேல் நெடுநேரம் நின்றன.

கடைசியில் அவர் சொன்னார்: "இதை இனிமே யாரும் உடுத்த ஏலாது. உடுத்த ஏலாததை உடுப்புன்னு சொல்ல முடியாது. நீயே வச்சுக்க தாயி."

இவ்வாறு, இழந்த பிறகே அக்காவுக்கு அவை கிடைத்தன.

சில நாள் அவை மூலையில் கிடந்தன. பிறகொரு மாலை நான் போனபோது அக்கா சாம்பல் நிறச் சட்டையின் பக்கவாட்டுத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"போர்வை தைக்கப் போறேன்" என்றாள். "தோல் மண்டியில சாக்குத் தைக்கிற கோணி ஊசி இருக்கும்ல, அத்தாகிட்டக் கேட்டு வாங்கிட்டு வா. சாதா ஊசி இதுல எறங்க மாட்டேங்குது."

எங்கள் தகப்பனார், நாங்கள் அத்தா என்று அழைப்பவர், தோல் மண்டியில் வேலை பார்த்தவர். அங்கிருந்து ஊசியும், மெழுகிட்ட நூலும், செருப்புத் தைப்பவரிடமிருந்து இரவலாக ஒரு வளைகத்தியும் கொண்டுவந்து கொடுத்தேன். கத்தரிக்கோல் மழுங்கிய அந்தத் துணியில் வளைகத்தி வழுக்கிக்கொண்டு ஓடியது. பின்னிய துணியை வெட்டினால் கண்ணி கண்ணியாக அவிழ்ந்து போகும் என்பார்கள். வெள்ளாவி கண்ட அந்தக் கம்பளியிலிருந்து ஓர் இழைகூட அவிழவில்லை. கைகளைப் பிளந்து பட்டையாக்கினாள். மார்பையும் முதுகையும் சதுரமாக்கினாள். கழுத்துப் பட்டிகளை ஓரத்துக்கு ஒதுக்கி வைத்தாள். காப்பி நிறச் சட்டையின் முழங்கையில் ஒருமுறை லாரிக் கதவு மாட்டிக் கிழிந்திருந்தது. அதை அவள்தான் கையில் கிடைத்த சிவப்பு நூலால் இழையோட்டி அடைத்திருந்தாள். அந்தத் தையல் இப்போது சுருங்கி, ஒரு பொட்டளவுக்கு இறுகியிருந்தது. அந்தத் துண்டைத் தலைமாட்டில் வைத்துத் தைத்தாள்.

மாமி முதலில் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஒருநாள் பிற்பகலில், தம்முடைய பழைய நூற்சேலை ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் போட்டார்.

"அடியில துணி வச்சுத் தைக்காட்டி ஒடம்புல அரிக்கும்" என்று சொல்லிவிட்டு, மறுமுனையில் உட்கார்ந்து, ஊசியைக் கேட்டு வாங்கினார். அன்றிலிருந்து இருவரும் இரு முனைகளிலிருந்து தைத்தார்கள்.

"இந்தக் கை இருக்கே" என்று ஒரு பட்டையைத் தூக்கிக் காட்டினார் மாமி, "தின்ன தட்டை ஒரு நாளாச்சும் எடுத்து வச்சிருக்குமா? ஒன்னையச் சொல்லணும், ஒரு வார்த்தை கேக்க மாட்ட."

"நீங்க எடுத்து வச்சுப் பழக்குனது மாமி. எந்தலையில கட்டுனீங்க."

"கட்டுனப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபோது இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மாமி என் பக்கம் திரும்பினார்.

"ஏன் அப்பு, நீ மேடையில என்னமோ பேசுவியாமே. ஊரே சொல்லுது. எங்களுக்கும் செத்தப் பேசிக் காட்டு."

"என்ன தலைப்பு மாமி?"

"தலைப்பு குடுத்தாத்தான் வாய் வருமா?"

"எதுத்துப் பேச ஒரு ஆளும் வேணும் மாமி" என்றாள் அக்கா. "இல்லைன்னா வாய் தெறக்காது. வீட்டுல சோறு கேக்கவே அம்மா மொதல்ல மறுக்கணும்."

அந்த அறையில் பேச்சுக்கு இடமிருந்தது அந்த ஒரு மாலைதான். அதை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

போர்வையின் நீளத்தில்தான் அக்காவும் மாமியும் மாறுபட்டார்கள். கட்டிலளவு போதும் என்றார் மாமி. அக்கா கேட்கவில்லை. மச்சான் படுத்தால் பாதம் கட்டிலுக்கு வெளியே நிற்கும். அவள் அந்தப் பாதத்தையும் சேர்த்து அளந்தாள். சட்டைத் துண்டுகள் தீர்ந்துபோயும் அளவு நிறையாததால், கழுத்துப் பட்டிகளையும் பிளந்து கால்மாட்டில் ஒட்டினாள். முடிந்தபோது அது எங்கள் இரு குடும்பங்களிலும் யாருக்கும் பொருந்தாத நீளமாக இருந்தது.

இத்தா முடிந்தது. சிறிது காலத்துக்குப் பின், கீரனூரிலிருந்து ஒரு பெண் கேட்பு வந்தது. மளிகைக்கடை வைத்திருந்தவர், முதல் மனைவியை இழந்தவர், தொழுகையும் நாணயமும் உடையவர் என்று விசாரித்தவர்களெல்லாம் சொன்னார்கள். அக்காவுக்கு இருபத்தைந்து வயதுகூட நிரம்பவில்லை. அவள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று முதலில் சொன்னவரே மாமிதான். அக்கா மாமியின் முகத்தைப் பார்த்தாள், அத்தாவின் முகத்தைப் பார்த்தாள், சரி என்றாள்.

போர்வையைக் கொண்டுபோகலாமா என்று என் மூலமாக அத்தாவிடம் கேட்டனுப்பினாள்.

"புது வீட்டுக்குப் போற புள்ள பழைய வீட்டைச் சுருட்டிக்கிட்டா போறது?" என்றார் அத்தா. "அந்தாளு மொகத்தைக் கொஞ்சம் நெனச்சுப் பாரு. அந்த வீட்டுப் பொருள் அந்த வீட்டோட இருக்கட்டும்."

நான் விடவில்லை. என் வாழ்வில் நான் ஆற்றிய உரைகளில் எதையும் விட அன்று மண்டித் திண்டில் சாய்ந்திருந்த என் தகப்பனார் ஒருவருக்காக ஆற்றியது சிறந்தது என்று இன்றும் சொல்வேன். அது மச்சான் உடுத்திய பொருளன்று, அவர் இனி உடுத்தவே முடியாததிலிருந்து அவள் உண்டாக்கிய பொருள் என்றேன். அவருடைய உயரம் போயிற்று, வாடை போயிற்று, எஞ்சியிருப்பது அவளுடைய ஊசி ஏறிய தடம் மட்டுந்தான். தன் கைவேலையை உடன்கொண்டு போக ஒரு பெண்ணுக்கு உரிமை இல்லையென்றால் வேறெதற்கு உரிமை உண்டு என்று கேட்டேன். பழைய துயரத்தை மறைத்து வைத்துக்கொண்டு வருகிறவளைக் காட்டிலும், அதை மடித்துப் பெட்டியின் மேலே வைத்துக்கொண்டு வருகிறவளை நம்பலாம் என்றும் சொன்னேன். அத்தா வெற்றிலையைக் கையில் எடுத்தார். அது அவருடைய தோல்வியின் அடையாளம்.

"சரி. எடுத்துட்டுப் போகட்டும். மாப்பிள்ளை என்ன ஏதுன்னு கேட்டா நீயே போய்ப் பேசிக்க."

நிக்காஹ் எங்கள் வீட்டில் எளிமையாக நடந்தது. மறுநாள் காலைப் பேருந்தில் புறப்பாடு; அக்காவைக் கொண்டுபோய் விட்டுவர நானும் உடன் போவதாக ஏற்பாடு. அன்று மாலை அக்காவின் தகரப் பெட்டியை எடுத்து வருவதற்காக நாங்கள் இருவரும் மாமியின் வீட்டுக்குப் போனோம். பெட்டியை அடுக்கியவன் நான். சேலைகளை ஒரு பக்கமும், பித்தளைச் சொம்பையும் வெற்றிலைச் செல்லத்தையும் மறுபக்கமும் வைத்து, மேற்பாதியைப் போர்வைக்கென்று காலியாக விட்டேன். அப்போதுதான் செய்தியைச் சொன்னேன்.

"அத்தாவைப் பேசி ஜெயிச்சுட்டேன். போர்வையைக் கொண்டா."

அக்கா உள்ளே போனாள், திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மாமியின் கயிற்றுக் கட்டிலில் அதை விரித்து, ஓரங்களை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். மாமி கொல்லையில் இருந்தார்.

"என்னக்கா இது? உனக்காகத்தானே அம்புட்டும் பேசினேன்."

"நல்லாப் பேசியிருப்ப. எனக்குத் தெரியாதா?" அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள். "மாமி கைலியக் குடுத்தாங்க, சட்டையக் குடுத்தாங்க, செருப்பு வரைக்கும் குடுத்தாங்க. பெத்த புள்ளையோடது அவங்ககிட்ட என்ன இருக்கு, சொல்லு."

"நீ கேட்ட, அதனாலதான்..."

"நான் கேட்டேன் தம்பி. ஒவ்வொரு தடவையும் கேட்டேன். அவங்க ஒரு தடவைகூடக் கேக்கலை."

என்னிடம் மறுமொழி இருந்தது, எப்போதும் இருக்கும். அத்தாவின் பக்கத்துக்கும் அக்காவின் பக்கத்துக்கும் வேண்டிய வாதங்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். அந்த வழக்கில் மாமிக்கு ஒரு பக்கம் உண்டென்று எங்களில் யாரும் எண்ணியதில்லை.

மாமி கைகால் கழுவிக்கொண்டு வந்தார். கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"எனக்கு எதுக்கு இது, இந்தப் புழுக்கத்துல" என்றார்.

"தர்மத்துக்குக் குடுக்கணும்னா குடுத்துருங்க மாமி. ஒங்க இஷ்டம்."

மாமி கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். கொடுத்துவிடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய கை போர்வையின் மேல் போய், தலைமாட்டுக்கு நகர்ந்து, சிவப்பு நூல் இறுகிய அந்தத் துண்டில் நின்றது. அக்கா குனிந்து அந்தக் கையை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். அக்கா வெளியே வர வெகு நேரமாயிற்று. மாமி வாசலுக்கு வரவில்லை.

மறுநாள் காலை பேருந்து நிலையத்தில் பனி இன்னும் விலகவில்லை. புது மச்சான் எங்களுக்காகச் சன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தார். அக்காவுக்குக் குளிருமென்று சன்னலையும் இறக்கி வைத்திருந்தார். நல்ல மனிதர். அக்கா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியருகே நின்றாள். பெட்டியைக் கூரைமேல் ஏற்றப்போன கண்டக்டர், அதை ஒருமுறை சாய்த்ததும் உள்ளே சொம்பு உருண்டோடி ஒரு பக்கத்தில் மோதியது.

"என்னம்மா, பெட்டி பாதி காலியாக் கெடக்கு? போற வழி பூராவும் உருளுமே. துணிகிணி ஏதாச்சும் வச்சு அடைச்சுக் கொண்டாந்திருக்கக் கூடாதா?"

"அடைக்க ஒன்னுமில்லண்ணே" என்றாள் அக்கா.

பேருந்து புறப்பட்டது. ஒட்டன்சத்திரம் தாண்டும் வரை, சாலையின் ஒவ்வொரு குழியிலும், அந்தச் சொம்பு எங்கள் தலைக்கு மேலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு உருண்டுகொண்டே வந்தது. புது மச்சான் ஒருமுறை நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அக்கா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.